கழுதை வரை

வியாழக்கிழமை வகுப்புக்கு பாஸ்டர் ஒஸ்வால்தோ
வெண்பலகையில் மூன்று வட்டம் போட்டிருந்தார்:
கடமை. விளைவு. குணம்.
நான்காவதற்கு இடம் போதவில்லை.
ஓரத்தில் நெருக்கி
'கட்டளை' என்று எழுதி
அடிக்கோட்டை மட்டும் நீளமாக இழுத்தார்.

காக்கெத்தா மழை தகரக் கூரையில் கொட்டியது.
எனக்கு எதிரே இருந்த பதினொரு பேருக்கு
அது கேட்காது.
அவர்களுக்கு முன்னால் நான்
கறுப்புச் சட்டையில் நிற்கிறேன்,
கை தெரிய வேண்டுமே.

சான்றிதழ் தரும் நாளில்
எங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள்:
கூட்டாதே, குறைக்காதே,
பேசுபவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்.
பதினாறு வருஷமாக
கல்யாணத்திலும் கோர்ட்டிலும் பிரசவ அறையிலும்
அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

பாஸ்டர் படித்தார்.
கடவுள் ஓர் அரசனிடம் சொல்கிறார்,
ஒரு கூட்டத்தையே இல்லாமல் ஆக்கு என்று.
பழைய பகை. நானூறு வருஷக் கணக்கு.

'என்றாராம்' என்று சொல்லித் தள்ளி நிற்க
சைகையில் வழியில்லை.
சொன்னவரின் தோளை நான் வாங்கிக்கொள்ள வேண்டும்,
அவர் பார்த்த பக்கம் பார்க்க வேண்டும்,
கட்டளை என் மணிக்கட்டிலிருந்து கிளம்ப வேண்டும்.

ஆண்கள். செய்தேன்.
பெண்கள். செய்தேன்.
பால்குடிகள் என்றபோது
என் இடக்கை தொட்டிலாக வளைந்துவிட்டிருந்தது.
அடுத்த சொல் அந்தக் கையின் மேல்தான் விழ வேண்டும்.
நாக்கு கூசும் என்பார்கள்,
எனக்குக் கை கூசியது.
'முடிந்தது' என்று
ஒரு சின்னச் சுண்டலோடு கடந்துவிட்டேன்.
மாடு. ஆடு.
கழுதைக்கு இரண்டு கையையும் காதருகே வைத்து ஆட்டியபோது
ஆறு வயசு தாய்ரா
பல் விழுந்த வாயால் சிரித்தாள்.

மூன்றாம் வரிசையில் எர்னேய் கையைத் தூக்கினான்.
மோட்டார் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவன்.
கேஸ் சிலிண்டர் வெடித்தபோது
பத்தொன்பது வயசு அவனுக்கு.
யார் வைத்த சிலிண்டர் என்று
ஊரில் யாரும் அவனைக் கேட்டதில்லை.

'குழந்தைக்கு மட்டும் வேறு சைகை போட்டாய்.'
'ஆமாம்.'
'நூலில் வேறு சொல்லா?'
'இல்லை. எல்லோருக்கும் ஒரே சொல்.'
'அதையே போடு.
மலையில் எங்களுக்கும் குறைத்துத்தான் சொன்னார்கள்.
அந்த வீட்டைச் சுத்தம் பண்ணு என்றார்கள்.
அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.'

மறுபடி செய்தேன்.
இடக்கைத் தொட்டில்.
அதன் மேல் வலக்கை.
முன்வரிசையில் நிதியா எழுந்து வெளியே போனாள்,
மழையிலேயே நின்றாள்.

பாஸ்டர் பக்கத்தில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.
'என்ன சொல்கிறான்?'

நான் எர்னேயைப் பார்த்தேன்.
சொல் என்று தலையசைத்துவிட்டு
அவன் ஆரம்பித்தான்.
நானும் ஆரம்பித்தேன், என் குரலில்:

நான் அந்த வீட்டுக்குள் போனேன்.
அடுப்பில் சோளக்களி இருந்தது.
நான் கடமை என்று நினைக்கவில்லை,
விளைவு என்றும் நினைக்கவில்லை.
எனக்கு முன்னால் போனவனின் முதுகைத்தான் பார்த்தேன்.
எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்,
இங்கே சொல்ல மாட்டேன்.
கொட்டிலில் ஒரு கழுதை இருந்தது.
அதை நாங்கள் கொல்லவில்லை.
எங்களிடம் சுமை இருந்தது.

எர்னேயின் இரண்டு கையும் காதருகே போனபோது
தாய்ரா கைதட்டத் தொடங்கி
அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

பாஸ்டர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார்.
பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

பேசி முடிக்கும்வரை
என் கைகளுக்கு வேலை இல்லை.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.